முதல் துளை மைக்கேல்ராஜுக்கு

ஸ்ரீராம்புரத்தில் ஏணிக்காரி பவுலின் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்குள்ள மாதா கோயில் பங்கில் பவுலின்களுக்குப் பஞ்சமில்லை. கோழிக்கடை பவுலின் உண்டு, டீச்சர் பவுலின் உண்டு, இரண்டாம் தாரமாக வந்த பவுலின் உண்டு. ஆனால் ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு, முட்டுச்சந்தில்கூட ஒடித்துத் திருப்பிக்கொண்டு போகிறவள் இவள் ஒருத்திதான்.

தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்த இன்னாசிமுத்துவின் ஒரே மகள் அவள். சுரங்கத்தை மூடியதும் இன்னாசிமுத்து மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயிலேறினார். வந்த வேகத்திலேயே நெஞ்சு நோவு அவரைக் கொண்டுபோய்விட்டது. தாய் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். அண்ணன் மைக்கேல்ராஜ்தான் தங்கைக்குத் தகப்பனும் தாயுமாக நின்றான். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போய் அவளை ஐ.டி.ஐ. படிக்க வைத்தான். அவள் பொம்மசந்திராவில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்து, பிறகு கேமரா மாட்டும் கடைக்குப் போய், பிறகு சொந்தமாக ஏணி வாங்கும் வரைக்கும் அவன் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

கடைசியில் அவன் கட்டியது அல்சூர் லீனாவை. லீனாவின் பெரியம்மா மகன், இன்னாசிமுத்துவின் தம்பி மகளை முன்பே கட்டியிருந்தான். அதனால் வந்த அன்றே அவள் பாதிச் சொந்தம். மீதிப் பாதியைத் தன் வாயாலேயே சம்பாதித்துக்கொண்டாள்.

மைக்கேல்ராஜுக்குப் பெயின்ட் வேலை வயிற்றுக்கு. உயிருக்கு வேறொன்று இருந்தது. அந்தக் கோயிலில் மாதா திருநாளன்று தேர் தூக்குவார்கள். சக்கரம் வைத்த தேர் இல்லை. நீளமான தண்டுகளில் கட்டி, ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கிப் போகும் தேர். கூரைக்கு மேலே கூரை வைத்து, உச்சியில் கிரீடம் வைத்து, மாடி வீட்டு ஜன்னலுக்குச் சமமாக வரும். அவ்வளவு பாரத்தை அத்தனை பேரும் ஒரே மூச்சில் தூக்கவேண்டும். ஒருவன் முந்தினால் தேர் சாயும். அந்த மூச்சை ஒன்றாக்கக் குரல் கொடுப்பவன் மைக்கேல்ராஜ். "மரியே..." என்று அவன் இழுப்பான். "வாழ்க!" என்று கூட்டம் முழங்கும்போது தோள்கள் எழும். அவன் தொண்டையைக் கேட்டால் கல் மண்டபமே எழுந்து நிற்கும் என்று வயதான கன்னியாஸ்திரிகள் சொல்வார்கள்.

சாரத்திலிருந்து விழுந்த அன்றோடு அது போயிற்று. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அடுத்த திருநாளுக்கு நாற்காலியில் வைத்து நான்கு பேர் சந்து முனைக்குத் தூக்கிப் போனார்கள். அவனால் அதிக நேரம் உட்கார்ந்திருக்க முடியாது, அது ஒரு நோவு. அதைவிடப் பெரிய நோவு, அத்தனை ஜனமும் மாதாவை விட்டுவிட்டு அவனைப் பார்த்ததுதான். வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னை யாரும் தூக்காதீங்க. நான் தூக்க வெச்சவன், என்னைத் தூக்கக்கூடாது" என்றான். அதற்குப் பிறகு கட்டிலை விட்டு வெளியே வரவில்லை. அவன் சந்து குறுகல். தேர் உள்ளே நுழையாது. சந்து வாயில் இருக்கும் முனைவரை வந்து, திரும்பிப் போய்விடும். அவனுக்கு வேட்டுச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

பவுலின் சும்மா இருப்பாளா? போன வருடமே முனைக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் கடைக் கரண்டில் ஒரு கேமரா மாட்டி, அண்ணன் கட்டில் பக்கம் ஒரு டிவியையும் வைத்தாள். தேர் வந்தது. மைக்கேல்ராஜ் தலையணையில் எழும்பி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். மலர் மாலைகள் தெரிந்தன, தண்டு தெரிந்தது, முனை வந்தது. பொசுக்கென்று டிவி இருண்டது.

ஏனென்றால் அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தேரின் உச்சிக் கிரீடம் தெருக் கம்பியில் பட்டுவிடக்கூடாது. அதற்காக லைன்மேன் முனிகிருஷ்ணன் வருடாவருடம் வந்து, முனைக்குத் தேர் வரும்போது தெருக் கரண்டை நிறுத்திவிடுவார். தேர் திரும்பி அந்தப் பக்கம் போன பிறகுதான் போடுவார். அந்த நேரம் தெருவே இருட்டு. மைக் செட்டு ராகேஷின் ஸ்பீக்கர்கள் வாயடைத்துவிடும், சீரியல் விளக்குகள் அணைந்துவிடும், தேரின் ஜெனரேட்டர் விளக்கு மட்டும் எரியும். கேமராவும் டிவியும் அந்தக் கரண்டைத்தானே தின்கின்றன?

கரண்ட் வந்தபோது டிவியில் காலித் தெருவும் இரண்டு நாய்களும். மைக்கேல்ராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த வருடம் தேர் ஒழுங்காகவும் எழவில்லை. புது ஆள் கொடுத்த குரல் பின்வரிசையை எட்டவில்லை. இடது பக்கம் தாழ்ந்து, பெண்கள் அலறிவிட்டார்கள். அந்த அலறல் மட்டும் கட்டில்வரை வந்தது.

"அடுத்த வருஷம் நீ பாப்பே. பாக்கறது மட்டும் இல்ல, நீதான் குரல் குடுப்பே" என்றாள் பவுலின், அவன் முதுகைப் பார்த்து.

"போடி. போய் சாப்புடு" என்றது முதுகு.

வாக்குக் கொடுத்தாயிற்று. வருடம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. அவள் புருஷன் க்ளென் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். "தூக்கத்துலகூட ஒயரு ஒயருன்னு புலம்பறே, நானும் கொஞ்சம் உன் வூட்ல கீறேன்மா" என்று கேலி செய்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோடுக்கு அவன்தான் அழைத்துப் போனான். கம்பெனிகள் கழித்துப்போட்ட சாமான்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கடைகளில் புகுந்து, பவுலின் ஒரு தட்டைப் பெட்டியைத் தட்டிக் கொட்டிப் பார்த்து எடுத்தாள். முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள்.

"இன்னா இது, பழைய ரேடியோவா?" என்றாள் லீனா.

"சுவிட்ச்சு அண்ணி."

"சுவிட்ச்சுன்னா தட்டறதுக்கு ஒண்ணுமே இல்லியே."

சுவரில் தட்டுகிற சுவிட்ச் இல்லை அது. கேமராவிலிருந்தும் ஃபோனிலிருந்தும் வரும் கம்ப்யூட்டர் ஒயர்களெல்லாம் வந்து கூடுகிற பெட்டி. படமும் பேச்சும் அதன் வழியே போய்வரும். இந்த வகைப் பெட்டியில் அதற்கு மேல் ஒரு வித்தை இருந்தது. படம் வருகிற அதே மெல்லிய ஒயரில் கரண்டையும் அனுப்பிவிடும். கேமரா இருக்கும் இடத்தில் பிளக்கும் வேண்டாம், கடைக்காரர் தயவும் வேண்டாம். பெட்டிக்கு மட்டும் கரண்ட் இருந்தால் போதும், ஒயரின் மறுமுனையில் இருப்பது எல்லாம் பிழைத்துக்கொள்ளும். பெட்டியோ கோயில் சக்ரிஸ்தியில், பூசைச் சாமான் அறையில், இருக்கும், பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருக்கும் இடத்தில். தெரு இருண்டால் இருளட்டும்.

"எடுத்தவுடனே கரண்டைத் தள்ளிடுமா? ஃபோனு வெடிச்சிட்டா?" லீனாவுக்குப் பயம்.

"தள்ளாது. மொதல்ல துளியூண்டு அனுப்பிக் கேக்கும், நீ கரண்ட் வாங்கற ஆளான்னு. அந்தப் பக்கம் இருக்கற சாமானு சரியா பதில் சொல்லணும். அப்புறம் எவ்ளோ வேணும்னு கேக்கும். அதுக்கப்புறம்தான் குடுக்கும். பதில் சொல்லத் தெரியாத சாமானை சொருகினா பேச்சு மட்டும் போகும், கரண்ட் போகாது."

லீனா பெட்டியை மரியாதையாகப் பார்த்தாள். "கேட்டுட்டுப் பரிமாறுது பாரு. எங்க பெரியம்மா வூட்லகூட இப்படிக் கேக்க மாட்டாங்க, எலையில கொட்டிட்டுப் போய்டுவாங்க."

கோயிலுக்கு எப்படியும் கேமராக்கள் தேவைப்பட்டன. பங்குத்தந்தையிடம் பேசி, திருநாளுக்கு எல்லா இடமும் அந்தப் பெட்டியிலிருந்தே என்று பவுலின் ஏற்றுக்கொண்டாள். மைக் செட்டு ராகேஷ் அதைக் கேட்டு வாசலிலேயே சிரித்தான். அவனுடைய தகப்பன் காலத்திலிருந்து திருநாள் என்றால் அவர்கள் ஸ்பீக்கர்தான்.

"பவுலினக்கா, ஷூ லேஸ் மாதிரி ஒரு ஒயரு. அதுல கரண்டும் வரும், பேச்சும் வரும், கூடவே டிபனும் வருமா?"

"வரும். உனக்கு உப்புமா, ஆறிப்போனது" என்றாள் அவள், ஏணியில் நின்றபடியே.

ஒயர் இழுப்பதில்தான் முதல் மல்லுக்கட்டு. ஒரே ஓட்டமாக நூறு மீட்டருக்கு மேல் போனால் பேச்சு தேய்ந்துவிடும். தெருவைச் சுற்றிப் போனால் முனை அதற்கு அப்பால் விழுந்தது. பவுலின் கன்னியர் மடத்துத் தோட்டத்துக்குள் புகுந்தாள். மதில் மேலே குழாய் போட்டு, சிஸ்டர்களின் முருங்கை மரத்தைக் காயப்படுத்தாமல் சுற்றிக்கொண்டு போய், முனைக் கம்பத்தில் இறங்கினாள். மலிவாகக் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினிய ஒயரை அவள் தொடவில்லை. பாதி வழியில் கரண்டைக் குடித்துவிட்டுச் சூடாகும் ஒயர் அது. முழுச் செம்புதான் போட்டாள். கம்பத்தில் ஒரு கேமரா, அதற்கு மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். அங்கிருந்து இரண்டாவது வீடு மைக்கேல்ராஜுடையது. அவன் கட்டில் தலைமாட்டில், சின்னத் திரை வைத்த ஒரு மேசை ஃபோன். முனைக் கேமரா பார்ப்பது அந்தத் திரையில் தெரியும். பக்கத்திலுள்ள பொத்தானை அமுக்கிப் பேசினால் குழாய் ஸ்பீக்கரில் வரும். அந்த ஃபோனுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டாம். மடத்து மதில் மேல் வந்த ஒயரே உயிர்.

முனிகிருஷ்ணன் வந்து கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். கன்னடத்துக்காரர். திருநாளில் தமிழ் பேசிப் பேசியே தமிழராகிப்போனவர்.

"ஏனம்மா, நான் லைன் ஆஃப் மாடிதரூ இது சாகாதா?"

"சாகாதுண்ணா. கோயில் பேட்டரியிலேருந்து வருது."

"ஷாக்கு?"

"ஒயர்ல வர்றது அம்பது வோல்ட் சொச்சம். உங்க லைன் மாதிரி பேயில்ல."

"சக்கத்தாகிதே" என்று மெச்சிவிட்டு, தான் நிறுத்தப்போகும் பியூஸ் பெட்டிக்கு முன்னால் நின்று வழக்கப்படி நெஞ்சில் கைவைத்து மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கியது. ஒத்திகை பார்க்கலாம் என்று பகலில் எல்லாவற்றையும் போட்டாள். எல்லாம் கண் திறந்தன. லீனா ஓடிப்போய் முனையில் நின்று கையாட்டினாள். மைக்கேல்ராஜ் திரையில் அவளைப் பார்த்தான். கல்யாணமான நாளாக வாயைத் திறந்து பாராட்டாதவன், "உன் அண்ணி தூரத்துலேருந்து பாத்தா நல்லாதான் கீறா" என்றான். பவுலினுக்கு உள்ளுக்குள் வேட்டுப் போட்டது.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் அவன் ஃபோன் திரை அணைந்தது.

பவுலின் ஒயரைச் சந்தேகப்பட்டாள். ஒயர் நுனியில் இருக்கும் ஜாக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடித்தாள். மறுநாள் பகலெல்லாம் நன்றாக இருந்தது. இருட்டியதும் அணைந்தது. ஒயரையே மாற்றினாள், மதில் மேல் ஏறி, முருங்கையைச் சுற்றி, மறுபடியும். பகலில் உயிர், இருட்டில் மரணம். வேறு ஃபோன் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் அப்படியே. ஆந்தைக்கு நேர் எதிரான ஒரு பறவை அண்ணன் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது.

"விடு பவுலின்" என்றான் மைக்கேல்ராஜ். "இருட்டுலதான் தேரு வரும். இருட்டுனா இது தூங்கிடுது. மாதாவுக்கே இஷ்டம் இல்ல போல."

"மாதா மேல பழி போடாதே. அவங்களுக்கு ஜாக்கு அடிக்கத் தெரியாது."

சொல்லிவிட்டாளே தவிர, சந்தில் திரும்பி நடக்கும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. போன வருடத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. இன்னொரு முறை அந்த முதுகைப் பார்க்க அவளால் ஆகாது. திருநாளுக்கு முந்தின நாளும் வந்துவிட்டது.

அன்று மதியம் கோயில் வளாகத்தில் அன்பின் விருந்து. லீனாவும் அவள் பக்கத்துப் பெண்களும் பரிமாறுகிறார்கள். முதல் பந்தியில் குருக்கள், கன்னியர், வெளியூர் விருந்தாளிகள். அடுத்தடுத்துப் பங்கு மக்கள். பரிமாறுகிறவர்களின் சொந்தங்கள் கடைசியில். அதுதான் எப்போதும் வழக்கம். தன் வீட்டு ஆளை முதல் பந்தியில் உட்கார வைத்தால் ஊர் வாய் சும்மா விடாது. பவுலின் கடைசிப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தாள். சோறு வந்தது. சாம்பார் வரவில்லை.

லீனா காலி வாளியோடு வந்து நின்றாள். "தீந்துபோச்சு நாத்தனாரே. முன்னாடி பந்தியில எல்லாரும் ரெண்டாவது வாட்டி கேட்டுட்டாங்க. நம்ம ஆளுங்கதானேன்னு உங்களைக் கடைசியில உக்கார வெச்சேன். மோர் ஊத்திக்கோ."

பவுலின் வாளியைப் பார்த்தாள். லீனாவைப் பார்த்தாள். மறுபடியும் வாளியைப் பார்த்தாள்.

"அண்ணி, முன்னாடி பந்தி ரெண்டாவது வாட்டி கேட்டாங்களா?"

"ஆமா, அதுக்கு ஏன் பேய் மாதிரி பாக்கறே?"

"நானும் அப்படித்தான் உக்கார வெச்சேன்!" என்று கத்திக்கொண்டே இலையைத் தாண்டிக் குதித்து சக்ரிஸ்திக்கு ஓடினாள். லீனா வாளியோடு பின்னால் ஓடினாள்.

பெட்டியின் முன்னால் நின்று பவுலின் தலையிலேயே அடித்துக்கொண்டாள். முதல் துளை பீடத்துக் கேமராவுக்கு, மாதாவின் இடமாயிற்றே. இரண்டாவது பங்குத்தந்தை அறை ஃபோனுக்கு. அடுத்தது விருந்தாளி அறைக்கு. அதற்கடுத்தது கமிட்டி அறை, கொடிமரம், பெரிய வாசல், பாடகர் மேடை. முனைக் கேமராவும் குழாய் ஸ்பீக்கரும் கடைசிக்கு முந்தி. ஆகக் கடைசித் துளையில் மைக்கேல்ராஜ். சொந்த அண்ணன்தானே, கடைசியில் இருக்கட்டும் என்று அவள் கை தானாகவே அப்படிச் செருகியிருந்தது. யோசித்துச் செய்ததில்லை. தங்கவயலிலிருந்து ரத்தத்தில் வந்த பழக்கம்.

"பெட்டிகிட்ட இருக்கற கரண்ட் ஒரு அளவுதான் அண்ணி, உன் வாளி மாதிரி. பகல்ல எல்லாருக்கும் பத்துது. இருட்டுனா கேமரா எல்லாம் ராத்திரி விளக்கைப் போட்டுக்குது. ரெண்டாவது வாட்டி சாம்பார் கேக்குது. பத்தலைன்னா இந்தப் பெட்டி கடைசித் துளையிலேருந்து நிறுத்திடும். நாமளா மாத்திச் சொல்லலைன்னா முன்னாடி உக்காந்தவனுக்குத்தான் முதல் மரியாதை."

மடிக்கணினியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கடைசித் துளைக்கு நேரே, கரண்ட் மறுக்கப்பட்டது என்று ஒவ்வொரு சாயங்காலமும் பெட்டி ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள்தான் மதில் மேல் ஏறி முருங்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தினி நாளு என் புருஷனுக்கு சாம்பாரு போடலையா நீ?" என்று லீனா இடுப்பில் கைவைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார்.

இனி எஸ்.பி. ரோடு போய்ப் பெரிய பெட்டி வாங்க நேரமில்லை. முதல் பந்தியிலிருந்து யாரையாவது எழுப்பியாக வேண்டும். பவுலின் பங்குத்தந்தையின் அறைக்குப் போய் வாசலில் நின்றாள்.

"ஃபாதர், ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க ஃபோனைக் கடைசித் துளைக்கு மாத்தணும். இருட்டுனா அது செத்துப்போகும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு இருட்டறப்போ நான் எங்கம்மா இருப்பேன்?"

"தேருக்குப் பின்னாடி, ஃபாதர்."

"அப்போ என் அறையில ஃபோன் அடிச்சா யாரு எடுப்பா, எலியா? மாத்து."

"பீடத்துக் கேமராவும்..."

"மாதாவே தெருவுக்குப் போறாங்க. காலிப் பீடத்துக்கு எதுக்கும்மா முதல் மரியாதை? அதையும் எழுப்பு."

பவுலின் ஒயர்களை உருவினாள். விருந்தாளி அறையும் சேர்ந்து பின்னால் போயிற்று. முதல் துளையில் மைக்கேல்ராஜ். இரண்டாவதில் முனைக் கேமரா. மூன்றாவதில் குழாய் ஸ்பீக்கர். அன்று சாயங்காலம் இருட்டியது. கேமராக்களின் ராத்திரி விளக்குகள் மங்கிய சிவப்பாகக் கண் விழித்தன. பங்குத்தந்தை அறையில் ஃபோன் அணைந்தது. சந்துக்குள்ளே கட்டில் தலைமாட்டில் திரை எரிந்துகொண்டே இருந்தது. மைக்கேல்ராஜ் தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னான்.

திருநாளன்று காலையில் தூறல், மதியம் வெயில். பொழுது சாயும்போது மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி உடுத்திய ஜனம் தெருவை நிறைத்தது. தேர் கோயில் வாசலைத் தாண்டியது. ராகேஷின் ஸ்பீக்கர்கள் தெருக்கோடிவரை பாட்டாலும் செபத்தாலும் அதிர்ந்தன. பவுலின் முனைக் கம்பத்தடியில் நின்றாள், கையில் குறடோடு. எதற்குக் குறடு என்று அவளுக்கே தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தூக்குபவர்களிடம் அவள் எதையும் சொல்லி வைக்கவில்லை. அண்ணனுக்குக் குரல் எழுமா என்று அவளுக்கு உறுதியில்லை. எழாவிட்டால் அவன் ஊர் முன்னால் தோற்கக்கூடாது.

தேர் முனைக்கு வந்தது. முனிகிருஷ்ணன் நெஞ்சில் கைவைத்தார், பியூஸைப் பிடுங்கினார்.

தெரு இருண்டது. பாட்டு பாதி வரியில் நின்றது. ராகேஷ் வழக்கம்போல் ஒரு பீடியைப் பற்றவைத்தான். பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்து மேலே கேமராவின் சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

திரும்புவதற்காகத் தேரைத் தாங்குகட்டைகளில் இறக்கினார்கள். ஆட்கள் பக்கம் மாறி நின்றார்கள். இனி தூக்கவேண்டும். புது ஆள் முன்னால் நின்று, "மரியே..." என்றான். ஜனத்தின் இரைச்சலில் அது மூன்றாவது வரிசையைக்கூட எட்டவில்லை. முன்பக்கம் எழுந்தது, பின்பக்கம் கிடந்தது. தேர் ஆடியது. ஒரு பெண் அலறினாள்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து, கம்பத்து உச்சியிலிருந்து, ஒரு தொண்டை திறந்தது.

"எறக்கு! எல்லாரும் எறக்குங்கடா!"

தேர் கட்டையில் உட்கார்ந்தது. ஜனம் அண்ணாந்தது. கரண்ட் இல்லாத தெருவில் ஸ்பீக்கர் எப்படிப் பேசும்? ராகேஷ் தன் ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தான். அது செத்துத்தான் கிடந்தது. பீடி அவன் வாயிலிருந்து விழுந்தது.

"எடது பக்கம், பின்னாடி, பச்சைத் துண்டு கட்டினவனே! குட்டையா இருந்துக்குனு நெட்டையன் பக்கத்துல ஏன்டா நின்னே? உள்ள வா! நெட்டையன் வெளிய போ! ஆங்... அங்கதான்."

"மைக்கேலண்ணன்டா!" என்று தண்டடியிலிருந்து யாரோ கத்தினான். "மைக்கேலண்ணன் குரலுடா!"

அந்தப் பெயர் தெருவில் தீப்பிடித்தது போலப் பரவியது. பவுலின் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"பேசாதீங்க. மூச்சைப் புடி" என்றது குரல். ஊசி விழுந்தால் கேட்கும். "தோளு ரெடியா?"

"ரெடி!"

"மரியே..."

அந்த இழுப்பு முனையைத் தாண்டி, மடத்து மதிலைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, கோயில் மண்டபத்தில் மோதித் திரும்பி வந்தது.

"வாழ்க!"

தேர் எழுந்தது. ஒரு பக்கம் முந்தவில்லை, ஒரு பக்கம் பிந்தவில்லை. நிறைகுடம் தலையில் ஏறுவது போல, ஒரு பூ உதிராமல் எழுந்து, கிரீடம் இருண்ட கம்பிகளைத் தாண்டி நிலாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மறுபடியும் "மரியே" என்றான். மறுபடியும் முழங்கினார்கள். தேர் முனையில் மெல்லத் திரும்பியது. திரும்பும்போது, யாரும் சொல்லாமலே, தூக்குகிறவர்கள் மாதாவின் முகம் சந்துக்கு நேராக வந்த இடத்தில் ஒரு கணம் நின்றார்கள். வேட்டு வெடித்தது. முனிகிருஷ்ணன், "மரியே வாழ்க! சக்கத், மைக்கேலண்ணா, சக்கத்!" என்று பியூஸைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தார்.

பவுலின் சந்துக்குள் ஓடினாள். லீனா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டே சிரித்தாள். வீடும் இருட்டுத்தான். ஃபோன் திரையின் வெளிச்சம் மட்டும் மைக்கேல்ராஜின் முகத்தில். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. முகம் சுவர்ப் பக்கம் இல்லை, திரைப் பக்கம் இருந்தது. தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இரு, இரு, இன்னும் முனை முடியல" என்றான். "அந்தப் பச்சைத் துண்டு மறுபடியும் தப்பா நிக்கிறான் பாரு."

தேர் முனையைத் தாண்டியதும் கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன. விட்ட இடத்திலிருந்து ராகேஷின் பாட்டு அலறியது. மைக்கேல்ராஜ் பொத்தானை அமுக்கினான்.

"யார்ரா அது நடுவுல பாட்டு போடறது? நான் பேசினு இருக்கேன் இல்ல, நிறுத்து!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பாட்டு நின்றது. ராகேஷ் தன் மைக்கைக் கையில் எடுத்து, "சரிண்ணா" என்று பணிவாகச் சொன்னான்.

தேர் கோயிலுக்குத் திரும்பிய பிறகு, தூக்கியவர்கள் அத்தனை பேரும் தோளில் சிவந்த தடத்தோடு குறுகிய சந்துக்குள் வரிசையாக வந்தார்கள். பச்சைத் துண்டுக்காரனும் வந்தான். யாரும் மைக்கேல்ராஜைத் தூக்கவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து, அவன் கையைத் தங்கள் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். லீனா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். முதல் டம்ளரை நாத்தனாரிடம் நீட்டி, "இந்தா, முதல் பந்தி உனக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு பவுலினைத் தேடி மூன்று கோயில்களிலிருந்தும் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்தும் ஆள் வந்தது. இரண்டாவது ஏணியும் வாங்கினாள். கரண்ட் அதிகமுள்ள பெரிய பெட்டி வாங்கிப் போட அவளுக்கு இப்போது வசதி உண்டு. போடவில்லை. பழைய பெட்டியின் முதல் துளையில் அண்ணன் ஒயர் அப்படியே இருக்கிறது. வருடாவருடம் முனையில் குரல் கொடுப்பதும் அவன்தான்.

இருட்டிய பிறகு பங்குத்தந்தையிடம் அவசரமாகப் பேசவேண்டியவர்கள் அவர் அறை ஃபோனுக்கு அடிப்பதில்லை. நடந்தே போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.